80சியோட தாத்தா கதை: மார்ச் 31க்கு முன்னும் பின்னும்

மார்ச் மாசம் வந்தா நம்ம ஊர்ல ரெண்டு கூட்டம் தூங்காது. ஒண்ணு, ப்ளஸ் டூ எழுதற பசங்க. இன்னொண்ணு, "சார், 80சி ஃபுல் பண்ணிட்டீங்களா?"ன்னு போன் பண்றவங்க. எல்.ஐ.சி ஏஜென்ட், போஸ்ட் ஆபீஸ் ஏஜென்ட், மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், பேங்க்ல டை கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற 'ரிலேஷன்ஷிப் மேனேஜர்'னு பல பேர்ல வருவாங்க. மொத்தமா நிதி ஆலோசகர்னு வெச்சுக்குவோம்.

இவங்க வருஷக் கடைசியில என்ன பேசறாங்க, ஏன் அதையே பேசறாங்க, எப்ப ஆரம்பிச்சது இந்தப் பேச்சு? கொஞ்சம் நோண்டிப் பார்த்தா கதை 1860க்குப் போகுது. நீளமான பதிவு, டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க :-)

தொப்பி வியாபாரி போட்ட வரி

1857 கலகத்தை அடக்கின செலவுல இந்திய அரசாங்கத்தோட கஜானா காலி. அதைச் சரிபண்ண லண்டன்ல இருந்து அனுப்பப்பட்டவர் ஜேம்ஸ் வில்சன். ஸ்காட்லாந்துக்காரர், தொப்பி தயாரிக்கிற தொழில்ல இருந்து வந்தவர், 1843ல 'எகானமிஸ்ட்' பத்திரிகையை ஆரம்பிச்சவரும் அவர்தான். 1859 கடைசியில வந்து இறங்கினார், 1860ல இந்தியாவின் முதல் வருமான வரியைப் போட்டார். வருஷத்துக்கு 200 ரூபாய்க்குக் கீழே வருமானம்னா வரி இல்லை. 200ல இருந்து 500 வரைக்கும் 2 சதவீதம், அதுக்கு மேல 4 சதவீதம்.

இந்த வரிக்கு வந்த முதல் பெரிய எதிர்ப்பு மெட்ராஸ்ல இருந்து. அதுவும் யார்கிட்ட இருந்து? கவர்னர்கிட்ட இருந்தே! அப்ப சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவல்யன். மெட்ராஸ் மாகாணம் கலகத்துல பெரும்பாலும் அமைதியாத்தான் இருந்தது, புதுசா வரி போடாம ராணுவச் செலவைக் குறைங்கன்னு அவர் கட்சி. கட்சி கட்டினதோட நிக்கலை, தன்னோட எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகள்ல வெளிவரவும் விட்டுட்டார். மேலிடம் சும்மா இருக்குமா? 1860லயே பதவியைப் பிடுங்கி ஊருக்குத் திருப்பிக் கூப்பிட்டுட்டாங்க.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வில்சன் அதே வருஷம் ஆகஸ்ட்ல கல்கத்தாவுல சீதபேதியில செத்துப்போனார். ட்ரெவல்யன் சில வருஷத்துல அதே நிதி உறுப்பினர் நாற்காலிக்குத் திரும்பி வந்தார். 1865ல வருமான வரி காலாவதியானப்ப அந்த நாற்காலியில இருந்தவர் அவரேதான். (இவரை ரொம்ப ஹீரோவா நினைச்சுடாதீங்க. அயர்லாந்துப் பஞ்சத்துல இவர் நடந்துக்கிட்ட விதத்துக்கு அந்த ஊர்க்காரங்க இன்னும் திட்டறாங்க.)

மார்ச் 31ங்கற தேதி வந்ததும் அதே காலத்துலதான். 1866 வரைக்கும் இங்கே நிதியாண்டு மே மாசம் ஆரம்பிச்சது. 1867ல பிரிட்டிஷ் அரசாங்கத்தோட கணக்குக்குப் பொருந்தணும்னு ஏப்ரல் 1க்கு மாத்தினாங்க. நம்ம அறுவடைக்கோ மழைக்கோ அதுல சம்பந்தமே கிடையாது. 1980கள்ல எல்.கே.ஜா கமிட்டி ஜனவரிக்கு மாத்தலாம்னு சொல்லிப் பார்த்தது. 2016ல சங்கர் ஆச்சார்யா தலைமையில மறுபடி ஒரு கமிட்டி போட்டாங்க. தேதி அசையலை.

ஆறில் ஒரு பங்கு

வருமான வரி ஒழிஞ்சு ஒழிஞ்சு திரும்ப வந்து, 1886ல ஒரு நிரந்தரச் சட்டமா உட்கார்ந்துக்கிச்சு. விவசாய வருமானத்துக்கு வரி இல்லைங்கறது அந்தச் சட்டத்துல இருந்து வந்ததுதான். நம்ம கதைக்கு முக்கியமானது அதுல இருந்த இன்னொரு சலுகை. ஆயுள் காப்பீட்டு பிரீமியம் கட்டினா, வருமானத்துல ஆறில் ஒரு பங்கு வரைக்கும் வரி கிடையாது. 80சியோட தாத்தா இவர்தான்.

இதுவும் சொந்தச் சரக்கு இல்லை. 1853ல பிரிட்டன்ல கிளாட்ஸ்டன் கொடுத்த அதே ஆறில் ஒரு பங்குதான் கப்பலேறி வந்தது. யோசனையில தப்பு சொல்ல முடியாது. சம்பாதிக்கிற ஆள் திடீர்னு போயிட்டா குடும்பம் தெருவுக்கு வரக்கூடாது, அதுக்காக எடுத்து வைக்கிற காசுக்கு வரி போட வேண்டாம். ஆனா அந்த நொடியிலேயே காப்பீடு விக்கிறவர் கையில ஒரு ஆயுதம் கிடைச்சிடுச்சு. அதுவரைக்கும் அவர் சாவைப் பத்திப் பேசி வித்தாகணும். எந்த வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து அதைப் பேசறது? இனிமே வரியைப் பத்திப் பேசலாம். சாவு தள்ளிப்போகலாம், மார்ச் 31 தள்ளிப்போகாது.

பிரிட்டன்காரங்க 1984ல புது பாலிசிகளுக்கு இந்தச் சலுகையை நிறுத்திட்டாங்க. நாம கெட்டியாப் பிடிச்சுக்கிட்டோம்.

மவுண்ட் ரோடு எல்.ஐ.சியும் டிடிகேயும்

1956 செப்டம்பர் 1ல 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் ஒண்ணாக்கி எல்.ஐ.சி பிறந்தது. மவுண்ட் ரோட்ல நிக்கிற அந்த 14 மாடிக் கட்டடம் இருக்கே, அதைக் கட்ட ஆரம்பிச்சவர் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் நடத்தின எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1954ல சிங்கப்பூர் விமான விபத்துல அவர் போய்ட்டார். கம்பெனி தேசியமயமாச்சு, 1959ல கட்டடத்தைத் திறந்தப்ப மேல எழுதின பேரு எல்.ஐ.சி.

அதுக்குள்ளயே முதல் ஊழல் வந்தாச்சு. 1957ல எல்.ஐ.சி பணம் சுமார் 1.24 கோடி ஹரிதாஸ் முந்த்ராவோட கம்பெனிப் பங்குகள்ல போடப்பட்டது. பெரோஸ் காந்தி பார்லிமென்ட்ல எழுந்து கேட்ட கேள்வியில விஷயம் வெடிச்சு, சாக்ளா கமிஷன் உட்கார்ந்து, 1958 பிப்ரவரியில நம்ம ஊர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சர் பதவியை விட்டுப் போனார். அவரே 1963ல அதே பதவிக்குத் திரும்பி வந்து யூனிட் டிரஸ்டுக்குச் சட்டம் கொண்டுவந்தார். 1964 ஜூலைல 'யூனிட் 64' வந்தது. அதுக்குப் பின்னால வரேன்.

80சிங்கற பேரு வந்தது 1960கள் கடைசியில, மொரார்ஜி தேசாய் நிதியமைச்சரா இருந்தப்ப. 1968 ஜூலைல பி.பி.எஃப் வந்தது. பி.எஃப் இல்லாத வியாபாரி, வக்கீல், டாக்டருக்கெல்லாம் கூட ஒரு சேமநிதி. அப்புறம் 1970கள்ல வரி விகிதம் ஏறின ஏத்தத்தை இன்னிக்குச் சொன்னா பசங்க நம்ப மாட்டாங்க. 1973-74ல உச்ச அடுக்குல சர்சார்ஜோட சேர்த்து 97.75 சதவீதம்! நூறு ரூபாய் கூடுதலாச் சம்பாதிச்சா கையில நிக்கிறது ரெண்டேகால் ரூபாய். அந்தக் காலத்துல வரி ஆலோசகர் பேச்சுக்கு மவுசு இருந்ததுல ஆச்சரியம் என்ன?

12 சதவீதப் பொற்காலம்

இங்க ஒரு கொசுவத்தி. நான் வளர்ந்த தெருவுல ஒரு போஸ்ட் ஆபீஸ் ஏஜென்ட் அக்கா இருந்தாங்க. மாசா மாசம் வீடு வீடா வந்து ஆர்.டி பணம் வாங்கி, அட்டையில கையெழுத்துப் போட்டுட்டுப் போவாங்க. மார்ச் வந்துட்டா அவங்க பையில என்.எஸ்.சி ஃபாரம் தனிக்கட்டு. அப்பா ஆபீஸ்ல ரசீது காட்ட வேண்டிய கடைசி நாளுக்கு முன்னாடி வந்து, "அண்ணா, இந்த வருஷம் எவ்வளவு பத்தாக்குறை?"ன்னு கேப்பாங்க. வரி எவ்வளவு வரும்னு அப்பாவை விட அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

1986ல இருந்து 2000 ஜனவரி வரைக்கும் பி.பி.எஃப் வட்டி 12 சதவீதம். அரசாங்கம் கேரண்டி, வட்டிக்கும் வரி கிடையாது, போட்ட பணத்துக்கும் வரிச்சலுகை. 12 சதவீதத்துல ஆறே வருஷத்துல பணம் ரெட்டிப்பு. இதுக்கு மேல ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு ஆலோசகரே தேவையில்லை. எங்க தெருவுல கட்டின வீடுகள்லயும் நடந்த கல்யாணங்கள்லயும் அந்த அக்கா சேர்த்துக் கொடுத்த பணம் நிறைய இருக்கு. வரிக்குப் பயந்து போட்ட பணம்தான். ஆனா பயம் இல்லைன்னா போட்டிருப்பாங்களான்னு யோசிச்சா எனக்குச் சந்தேகம்தான்.

1990ல மது தண்டவதே 80சியைத் தூக்கிட்டு 88ங்கற பிரிவைக் கொண்டுவந்தார். சின்ன மாற்றம் மாதிரி தெரியும், நியாயம் பெருசு. 80சியில ஆயிரம் ரூபாய் கழிச்சா, 50 சதவீத அடுக்குல இருக்கிற பணக்காரருக்கு 500 மிச்சம், 25 சதவீத அடுக்குல இருக்கிற கிளார்க்குக்கு 250தான். ஒரே சேமிப்புக்கு எதுக்கு ரெண்டு பரிசு? 88ல யாரா இருந்தாலும் போட்டதுல 20 சதவீதம் வரியில கழிவு. 2002ல யஷ்வந்த் சின்ஹா இன்னும் ஒரு படி போய், ஒன்றரை லட்சத்துக்கு மேல வருமானம்னா 15 சதவீதம், 5 லட்சத்துக்கு மேலன்னா ஒண்ணுமே கிடையாதுன்னு ஆக்கினார்.

இந்த நேரத்துலதான் பங்குச் சந்தையும் மார்ச் மேடைக்கு வந்தது. வரிச் சேமிப்பு மியூச்சுவல் ஃபண்டுகள். ஸ்டேட் பேங்கோட மேக்னம் டாக்ஸ்கெய்ன் ஆரம்பிச்ச தேதியைப் பாருங்க: 1993 மார்ச் 31. ஜாதகமே சரியாத்தான் இருக்கு!

நம்பினவங்க கதை

யூனிட் 64க்கு வர்றேன்னு சொன்னேனே. 80சி சமாச்சாரம் இல்லை அது, ஆனா ரிட்டயர் ஆனவங்களுக்கு ஆலோசகர்கள் வாயில வந்த முதல் பேரு அதுதான். 1990களோட முதல் பாதியில 26 சதவீதம் வரைக்கும் டிவிடெண்ட் கொடுத்தாங்க. சுமார் 2 கோடிப் பேர் பணம் அதுல. பேங்க் டெபாசிட் மாதிரியே நினைச்சாங்க.

உள்ளே இருந்தது நிறையப் பங்குகள். வாங்கற விலை விக்கற விலை ரெண்டையும் யூ.டி.ஐயே நிர்ணயம் பண்ணிச்சு, உள்ளே இருக்கிற சொத்தோட மதிப்புக்கும் அந்த விலைக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. 1998லயே ஓட்டை வெளியே தெரிஞ்சு, தீபக் பரேக் கமிட்டி போட்டு, அரசாங்கம் ஒட்டுப் போட்டது. 2001 ஜூலை 2ம் தேதி ஆறு மாசத்துக்கு யூனிட்டை வாங்கவும் முடியாது, விக்கவும் முடியாதுன்னு அறிவிச்சாங்க. இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, அதுக்கு முந்தின மாசங்கள்ல பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கான கோடியை உருவிக்கிட்டுப் போயிருந்தாங்க. மாட்டினது பென்ஷன்காரங்க. பிறகு அரசாங்கம் தலையிட்டு சின்ன முதலீட்டாளர்களுக்குக் குறைஞ்சபட்ச விலை உறுதி கொடுத்தது, 2003ல யூ.டி.ஐ ரெண்டாப் பிரிஞ்சது. ஆனா "கவர்மென்ட் சமாச்சாரம் சார், கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க"ங்கற வசனம் அன்னிக்கே செத்துப்போச்சு.

2005 ஏப்ரல்: யூலிப் புகுந்த வீடு

2005 பட்ஜெட்ல ப.சிதம்பரம் 88ஐ எடுத்துட்டுப் புது 80சியைக் கொண்டுவந்தார். ஒரு லட்சம் வரைக்கும் வருமானத்துல கழிவு. எதுல எவ்வளவுங்கற உள்வரம்பெல்லாம் பெரும்பாலும் போச்சு, எல்லாத்தையும் ஒரே திட்டத்துல கூடப் போடலாம்.

என் கணிப்பு இது: முதல் நாள் வரைக்கும் 5 லட்சத்துக்கு மேல வாங்கினவனுக்கு மார்ச் மாசம் ஒண்ணும் இல்லை. மறுநாள் அவனுக்கு ஒரு லட்சம் போட்டா முப்பதாயிரம் மிச்சம். ஓ.எம்.ஆர்ல அப்பத்தான் கண்ணாடிக் கட்டடங்கள் முளைச்சுக்கிட்டு இருந்தது. சம்பளம் வருது, நேரம் இல்லை, வரிப் பிடித்தம் பார்த்தா வயிறு எரியுது. தனியார் காப்பீட்டுக் கம்பெனிகள் 2000ல இருந்து களத்துல இருந்தாங்க. அவங்களுக்குத் தேவையான கஸ்டமர் ஒரே பட்ஜெட்ல தயாராகிட்டான்.

வித்தது யூலிப். பாதி காப்பீடு, பாதி பங்குச் சந்தை. 1938 காப்பீட்டுச் சட்டம் முதல் வருஷ பிரீமியத்துல 35 சதவீதம் வரைக்கும், புதுக் கம்பெனிகளுக்கு 40 வரைக்கும் கமிஷன் கொடுக்க அனுமதிச்சது. சில யூலிப்ல முதல் வருஷம் கட்டினதுல பாதிக்கு மேல செலவுக் கணக்குலயே போச்சு. "மூணு வருஷம் கட்டினாப் போதும் சார், அப்புறம் நீங்க மறந்துடலாம்" - இது நான் என் காதால பல தடவை கேட்ட வசனம். எங்க ஆபீஸ் நண்பர் ஒருத்தர், சம்பளக் கணக்கு வெச்சிருந்த ஒரு பேங்க்ல மார்ச் கடைசி வாரம் போய் "டெபாசிட் போடணும்"னு சொல்லிட்டு யூலிப்போட வெளியே வந்தார். வருஷம் ஐம்பதாயிரம். 2008ல சென்செக்ஸ் ஜனவரியில 21,000ல இருந்து அக்டோபர்ல 8,000 பக்கத்துக்கு விழுந்தப்ப, பாலிசிப் பத்திரத்தை முதல் தடவையா முழுசாப் படிச்சார். வித்தவர் அதுக்குள்ள வேற பேங்குக்கு மாறிட்டார்.

இது தனி ஒருத்தர் புலம்பல் இல்லை. மோனிகா ஹாலன், ரேணுகா சானே, சூசன் தாமஸ் மூணு பேரும் 2013ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 2004-05ல இருந்து 2011-12க்குள்ள யூலிப் பாலிசிகள் பாதியில நின்னுபோனதால மக்கள் இழந்தது ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேலன்னு கணக்குப் போட்டாங்க.

சண்டையும் நடந்தது. 2009 ஆகஸ்ட்ல மியூச்சுவல் ஃபண்டுக்கு நுழைவுக் கட்டணத்தை செபி நிறுத்தினது. ஃபண்ட் விக்கிறதுல காசு இல்லைன்னதும் ஆலோசகர்கள் பலர் யூலிப் பக்கம் சாய்ஞ்சாங்க. 2010 ஏப்ரல்ல 14 காப்பீட்டுக் கம்பெனிகள் யூலிப் விக்கக்கூடாதுன்னு செபி தடை போட்டது. அது எங்க ஏரியான்னு ஐ.ஆர்.டி.ஏ எதிர்த்து நின்னது. ஜூன்ல அரசாங்கம் அவசரச் சட்டம் போட்டு யூலிப் ஐ.ஆர்.டி.ஏவுக்குத்தான்னு தீர்ப்புச் சொன்னது. ஆனா அந்தச் சண்டையோட பலன் செப்டம்பர் 1ல வந்தது. கட்டணத்துக்கு உச்சவரம்பு, பூட்டு மூணு வருஷத்துல இருந்து அஞ்சு வருஷம். யானைச் சண்டையில புல்லுக்கு நல்லது நடந்த அபூர்வம்!

அடுத்த வருஷமே வேற இடத்துல அடி விழுந்தது. சியாமளா கோபிநாத் கமிட்டி சொன்னபடி 2011 டிசம்பர்ல பி.பி.எஃப் கமிஷன் ஒரு சதவீதத்தை அடியோட எடுத்துட்டாங்க, என்.எஸ்.சி மாதிரிப் பத்திரங்களுக்குப் பாதியாக் குறைச்சாங்க. கணக்குப்படி சரிதான். ஆனா நாப்பது சதவீதக் கமிஷன் வாங்கினவங்களையும், ஒரு சதவீதத்துக்கு வெயில்ல வீடு வீடா நடந்தவங்களையும் நினைச்சுப் பார்த்தா மனசு ஒப்பலை.

இப்ப என்ன பேசறாங்க?

2014ல அருண் ஜேட்லி வரம்பை ஒன்றரை லட்சம் ஆக்கினார். 2020ல நிர்மலா சீதாராமன் 'புதிய முறை'யை விருப்பமா வெச்சார். விகிதம் குறைவு, ஆனா 80சி கிடையாது. 2023ல அதுவே இயல்பான முறை ஆச்சு, பழசு வேணும்னா நாமதான் கேட்டு வாங்கணும். 2025 பட்ஜெட்ல புதிய முறையில 12 லட்சம் வரைக்கும் வரி இல்லை, சம்பளக்காரருக்கு நிலைக்கழிவு சேர்த்து 12.75 லட்சம். அதே வருஷம் நிறைவேறின புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1ஐ ஆரம்ப நாளா வெச்சது. அதுல 80சிங்கற பேரே இல்லை, அந்தச் சலுகைக்கு 123ன்னு நம்பர்.

அதனால மார்ச் பேச்சு மாறிடுச்சு. "பழைய முறையா, புதிய முறையா?"ன்னு ஒரு எக்செல் ஷீட். பங்குல நீண்டகால லாபம் 1.25 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு 2024 ஜூலைல வந்ததால, 31ம் தேதிக்குள்ள வித்துட்டுத் திரும்ப வாங்குங்கன்னு ஒரு யோசனை. அப்பப்ப பழைய பரபரப்பும் திரும்பும். 2023 மார்ச்ல பாருங்க, வருஷம் 5 லட்சத்துக்கு மேல பிரீமியம் கட்டற புது பாலிசிகளுக்கு ஏப்ரல்ல இருந்து முதிர்வுத் தொகைக்கு வரின்னு பட்ஜெட் சொன்னதும், அந்த மாசக் கடைசி வரைக்கும் பாலிசி வித்துத் தள்ளினாங்க.

எனக்கு ரெண்டு மனசா இருக்கு. 1886ல இருந்து வரிங்கற குச்சியைக் காட்டித்தான் நம்மளைச் சேமிக்க வெச்சாங்க. குச்சியைக் காட்டினவங்க நடுவுல ஏமாத்தவும் செஞ்சாங்க. இப்ப குச்சியைக் கீழே போட்டாச்சு. வரிக்காகக் கண்டதை வாங்கற பைத்தியக்காரத்தனம் குறையும், சந்தோஷம். ஆனா எங்க ஆபீஸ்ல புதுசாச் சேர்ந்த பசங்க "80சியே இல்லையே, எதுக்கு சார் பி.பி.எஃப்?"னு கேக்கும்போது பதில் சொல்லணும்ல. பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னா, மிச்சமானது எங்கே போகுதுன்னு யாரும் ரசீது கேக்கப்போறதில்லை.

நான் அவங்களுக்குச் சொல்றது ஒண்ணுதான். யார் எதை விக்க வந்தாலும், "வரிச்சலுகை இல்லைன்னா இதை வாங்குவேனா?"ன்னு ஒரு தடவை கேட்டுப் பாரு. டெர்ம் பாலிசி, அவசரத்துக்கு ஆறு மாசச் செலவு, பி.பி.எஃப் இல்லைன்னா ஃபண்ட்ல மாசா மாசம் கொஞ்சம்னு இதெல்லாம் அந்தக் கேள்வியில பாஸ் ஆகும். நிறையப் பாலிசி ஆகாது. இதைப் பேச மார்ச் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், ஏப்ரல் முதல் சம்பளத்துலயே ஆரம்பிக்கலாம்.

உங்க வீட்டு மார்ச் கதைகளைப் பின்னூட்டத்துல கொட்டுங்க. யூனிட் 64ல மாட்டினவங்க யாராவது இருந்தா, கட்டாயம் எழுதுங்க மக்களே.

பின்குறிப்பு: நான் ஆலோசகர் இல்லை, ஏஜென்டும் இல்லை. 2013ல இருந்து முதலீட்டு ஆலோசனை சொல்லிக் காசு வாங்கணும்னா செபியில பதிவு பண்ணியிருக்கணும். உங்ககிட்ட வர்றவர்கிட்ட அந்தப் பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்க, முக்கால்வாசிப் பேர் பேச்சை மாத்திடுவாங்க :-)